லாமினேஷன் போட்ட அஞ்சு டாலர்

பையை மேல வைக்கச் சொல்லாத தாயி, மடியிலயே இருந்துட்டுப் போகட்டும். கனமெல்லாம் இல்ல. உள்ள ஒரு துண்டு, ஒரு தண்ணி பாட்டிலு, அப்புறம் ஒரு பேப்பரு. அந்தப் பேப்பருக்காகத்தான் விடியுமுன்னாடி பஸ்ஸைப் புடிச்சு மதுரைக்கு வந்தேன். வந்த காரியம் ஆகல. ஆகாதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன், ஆனாலும் மனசு கேக்கணுமே.

நீ எதுவரைக்கும்? திருத்தங்கலா? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணை ஆச்சு. நான் சிவகாசி. தாலுகா ஆபீசுக்கு எதுத்தாப்புல ஜெயக்கொடி ஜெராக்ஸ்னு மஞ்சப் போர்டு இருக்குமே, பாத்திருக்கியா? அந்த ஜெயக்கொடி நான்தான். பதினாறு வருசமா நடத்துறேன். ஜெராக்ஸும் உண்டு, ஆன்லைன்ல எழுதிக் கொடுக்குறதும் உண்டு, ஆனா பேரு வாங்கினது லாமினேஷன்லதான். சும்மா பெருமைக்குச் சொல்லல. என் கை பட்ட பேப்பரு கிழிஞ்சதா ஒருத்தன் வந்து சொன்னதில்ல. மார்க் சீட்டு, சாதிச் சான்றிதழ், பத்திரம், சாமி படம், எல்லாம் போட்டிருக்கேன். ஒருத்தரு, செத்துப்போன அவுக அம்மா கடைசியா எழுதின மளிகை லிஸ்டைக் கொண்டாந்தாரு. கால் கிலோ மல்லி, நூறு சீரகம்னு பென்சில்ல எழுதியிருந்துச்சு. போட்டுக் கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. அப்பேர்ப்பட்ட கை இது.

இப்ப என் குறை என்னன்னு கேளு. என் வீட்டுக்காரரு எங்கூடச் சண்டை போடமாட்டேங்குறாரு.

சிரிக்காத. சிரி, பரவாயில்ல, கேக்க சிரிப்பாத்தான் இருக்கும். சண்டை போட்டாருன்னா நான் பாத்துக்குவேன். வாய் கொடுத்து வாய் வாங்கி, ரெண்டு நாளு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு, மூணாம் நாளு கறி எடுத்துக் குழம்பு வெச்சா முடிஞ்சு போகும். எங்க ரெண்டு பேருக்கும் முப்பத்திரண்டு வருசமா அப்படித்தான் ஓடுது. இந்தத் தடவை அவரு ஒரு வார்த்தை சொல்லல. மூணு வாரம் ஆச்சு. "தெரியாமத்தான செஞ்ச, விடு"ங்குறாரு. அவ்வளவுதான். நான் எங்க போயி முட்டிக்கிறது?

அவரு பேரு தனுஷ்கோடி. ஆப்செட் பிரஸ்ஸுல கலர் பாக்குறவரா இருந்தாரு, போன வருசம்தான் நின்னாரு. காலண்டர்ல முருகன் முகத்துக்கு மஞ்சள் ஒரு நூலு கூடிப்போச்சுன்னா தூரத்துல இருந்தே சொல்லிருவாரு. குடி கிடையாது, பீடி கிடையாது. ஆனா நோட்டு உண்டு. அமெரிக்கா நோட்டு.

டாலர் இல்ல தாயி. டாலர்தான், ஆனா இப்ப உள்ள டாலர் இல்ல. நான் சொல்றேன் கேளு, இதை நான் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்தக் காலத்துல அமெரிக்காவுல ஊருக்கு ஊரு பேங்க்காரன் தன் பேரு போட்டு நோட்டு விடுவானாம். இப்ப சாத்தூர் பேங்க்குன்னு போட்டு ஒரு நோட்டு, வெம்பக்கோட்டை பேங்க்குன்னு போட்டு ஒரு நோட்டு இருந்தா எப்படி, அப்படி. அடிச்சுத் தர்றது கவர்மெண்டு. ஆனா நோட்டு நடுவுல அந்த ஊரு பேரு இருக்கும், அடியில அந்த ஊரு பேங்க் பெரியவரும் காஷியரும் மையில கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் அது நோட்டு. ஒரு தாளுக்கு நாலு நோட்டா வரும், காஷியரே உக்காந்து கத்திரிக்கோலால வெட்டுவாராம். இதுல வேடிக்கை என்னன்னா, பெரிய ஊரு நோட்டுக்கு மதிப்பே கிடையாதாம். ஊரு சின்னதாக ஆகத்தான் கிராக்கி. நூறு வீடு, ஒரு சர்ச்சு, ஒரு பேங்க்கு, அந்த பேங்க்கும் மூடிப்போச்சுன்னா, அந்த ஊரு நோட்டுக்கு உலகம் பூரா ஆளு அலையுது. கிறுக்குப் பயலுக எல்லா நாட்டுலயும் இருக்கத்தான் செய்யிறானுக.

இவருக்கு எப்படி வந்துச்சுன்னா, இவரு இருபத்தோரு வயசுல பழைய பேப்பரு குடோன்ல வேலை பாத்தாரு. பட்டாசுக்குச் சுத்துற பேப்பரு இருக்குல்ல, அப்பல்லாம் அது வெளிநாட்டுல இருந்து கட்டுக்கட்டா கப்பல்ல வரும். அமெரிக்காக்காரன் வாசிச்சு முடிச்சது நம்ம ஊருல வந்து வெடிக்கும். அப்படி ஒரு கட்டைப் பிரிக்கும்போது ஒரு சமையல் புஸ்தகம். அதுக்குள்ள மடிக்காம, கசங்காம ஒரு நோட்டு. நம்ம நோட்டைவிட அகலம். அஞ்சு டாலர். பேங்க்குக்குக் கொண்டு போயிருக்காரு, இது என்ன நோட்டுன்னே எங்களுக்குத் தெரியலப்பான்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. விடுவாரா? யார் யாரையோ கேட்டு வாசிச்சிருக்காரு. ஆர்லன் ஃபெரின்னு ஒரு ஊராம். கான்சாஸ் பக்கம்.

அந்த ஆர்லன் ஃபெரிதான் எனக்கு மூத்தாள்.

ஆமா, அப்படித்தான் சொல்லுவேன், அவரு முன்னாடியே சொல்லுவேன். எனக்கு ஏழு வருசம் முன்னாடியே அந்த வீட்டுக்கு வந்தவ. கல்யாணமாகி நாலாம் நாளு பிஸ்கட் டின்னைத் தொறந்து காட்டுனாரு. நகத்தால மெல்லத் தடவிப் பாருன்னாரு. கோடெல்லாம் மேடு தட்டும், இப்படி எந்த மிஷின்லயும் நம்ம ஊருல அடிக்க முடியாதுன்னாரு. நான் குனிஞ்சு பாக்குறேன், "மூச்சு விடாத, ஈரம் பட்டுரும்"ங்குறாரு. புதுப் பொண்டாட்டிகிட்ட மூச்சு விடாதன்னு சொன்ன ஆம்பளை இந்தத் தமிழ்நாட்டுலயே இவரு ஒருத்தராத்தான் இருப்பாரு.

அப்புறம் ஒண்ணு ஒண்ணாச் சேந்துச்சு. காசு போட்டு வாங்கல, அந்தக் குறையை நான் சொல்லக்கூடாது. நம்ம ஊரு பழைய தீப்பெட்டி லேபிளு, பட்டாசு லேபிளு எல்லாம் அமெரிக்காவுல சேக்குறவன் இருக்கானாம். பிரஸ்ஸு பிரஸ்ஸா அலைஞ்சு பழைய லேபிளைப் பொறுக்கி, கட்டு கட்டி அனுப்புவாரு. அங்க இருந்து நைஞ்ச நோட்டு ஒண்ணு வரும். அப்படி மூத்தாளோட சேத்துப் பதினொண்ணு. பதினொரு ஊரு. ஒவ்வொண்ணுக்கும் அந்த ஊருல எத்தனை பேரு, ஆறு இருக்கா, ரயிலு உண்டா, பேங்க்கு எந்த வருசம் மூடினான், எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டுப் புஸ்தகத்துல எழுதி வெச்சிருக்காரு. எங்க அம்மா ஊரு கல்லமநாயக்கன்பட்டி. அதுல எத்தனை தெருன்னு கேளு, முழிப்பாரு.

ஞாயித்துக்கெழமை சாப்பாடு முடிஞ்சதும் கையை சோப்புப் போட்டுக் கழுவி, துடைச்சு, வெள்ளை வேட்டியை விரிச்சு, பதினொண்ணையும் வரிசையா வைப்பாரு. நான் அந்தப் பக்கம் ஈரத்துணியோட நடக்கக்கூடாது. காத்தாடி சுத்தக்கூடாது. சிவகாசி வெயில்ல காத்தாடி இல்லாம உக்காந்து பாரு, தெரியும். பதினொரு சக்களத்தியோட குடும்பம் நடத்தினவ நான்.

இல்லம்மா, கெட்டவருன்னு சொல்லல. எனக்குப் பித்தப்பையில கல்லு எடுத்தாங்க, ஒம்பது நாளு ஆஸ்பத்திரியில என் கட்டிலுக்குக் கீழ பேப்பரு விரிச்சுப் படுத்திருந்தாரு. மத்த பொம்பளைக எல்லாம் என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டாளுக. கொடுத்து வெச்சவன்னு சொன்னாளுக. பத்தாம் நாளு வீட்டுக்கு வந்தோம். என்னைக் கைத்தாங்கலாக் கொண்டு போய் உக்கார வெச்சாரு, தண்ணி கொடுத்தாரு, நேராப் போயி டின்னைத் தொறந்தாரு. பூச்சி கீச்சி அரிச்சிருச்சான்னு பாக்க. எனக்கு அப்பக்கூட கோவம் வரல. சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன்.

கப்பலூர் டோல்கேட் தாண்டிருச்சா? சரி.

ஆறு மாசத்துக்கு முன்னால எங்க மக, கோவில்பட்டியில கட்டிக் கொடுத்திருக்கோம், அவ வந்து மூத்தாளைப் போட்டோ எடுத்து நோட்டுச் சேக்குறவங்க குரூப்புல போட்டா. அவ்வளவுதான். அந்த ஊரு நோட்டு உலகத்துலயே ரெண்டுதான் மிச்சம்னு ஒருத்தன் கணக்கு வெச்சிருந்தானாம். ஒண்ணு எங்கயோ ஒரு பணக்காரன் பொட்டியில. இன்னொண்ணு என் வீட்டு பிஸ்கட் டின்னுல. லட்சக்கணக்குல தர்றேன்னு ஒருத்தன் எழுதினான். இவரு பதிலே போடல. அப்புறம் ஒரு அம்மா எழுதுச்சு. ரூத்துன்னு பேரு, எம்பத்தோரு வயசு. அந்த நோட்டுல கையெழுத்துப் போட்ட காஷியரு அவுக தாத்தாவாம். வீடு தீப்புடிச்சு எல்லாம் போச்சாம், அவரு போட்டோ ஒண்ணுகூட இல்ல. இந்தக் கையெழுத்து ஒண்ணுதான் மிச்சம்னு எழுதியிருந்தாங்க. விலைக்குக் கேக்கல. நல்ல போட்டோ அனுப்புவீங்களான்னு கேட்டாங்க, தொட்டாத் தட்டுப்படுமான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.

இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? ராத்திரி பூரா தூங்கல. காலையில மகளுக்குப் போனைப் போட்டு, "அது அவங்க வீட்டுப் புள்ள. முப்பத்தொம்பது வருசம் வளத்துட்டேன், நீங்க கூட்டிக்கிட்டுப் போங்கன்னு எழுது"ன்னாரு. காசு வேணாம்னுட்டாரு. அந்தம்மாவோட தங்கச்சி மகன் ஒருத்தன் சென்னைக்கு ஏதோ கம்பெனி வேலையா வர்றானாம். நேர்ல வந்து வாங்கிக்கிறேன்னு தேதி குறிச்சிருந்தாங்க.

அவரு பொருளு, அவரு கொடுக்குறாரு. எனக்கு என்ன வந்துச்சு? போகட்டும், ஒருத்தி தொலைஞ்சான்னு நினைச்சேன். நிசமாவே சந்தோசப்பட்டேன்னு வெச்சுக்கயேன்.

ஆனா அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுச்சு. தெனம் பாக்குறது. ஞாயித்துக்கெழமைன்னு இல்ல, காலையிலயும் சாயங்காலமும். பொண்ணை வழியனுப்புற மாதிரி. டீக்கடையில சொல்லி, பிரஸ்ஸு ஆளுக பூரா பாக்க வந்துட்டாங்க. வந்தவன் போனவன் எல்லாம் எட்டிப் பாக்குறான். நான் அத்தனை பேருக்கும் டீ போடுறேன். "தனுஷ்கோடி அண்ணாச்சி, இதைப் பிரிஞ்சு எப்படி இருப்பீக?"ன்னு ஒருத்தன் கேக்குறான். இவருக்குக் கண்ணு கலங்குது. நம்ம மகளைக் கோவில்பட்டிக்கு அனுப்பும்போது கார் கதவைச் சாத்திட்டு, சாப்பிடப் போலாமான்னு கேட்ட மனுசன்.

சரி, அந்தச் செவ்வாக்கெழமைக்கு வர்றேன்.

அவரு குளிக்கப் போனாரு. டின்னைக் கடை மேசை மேலயே வெச்சிட்டுப் போயிட்டாரு, வீட்டுக்கு முன்பக்கந்தான் கடை. நான் பாத்தேன். அவ்வளவு தூரம் கப்பலோ ப்ளேனோ ஏறிப் போகப் போகுது. அந்தப் பையன் பர்ஸுல மடிச்சு வெச்சிட்டான்னா? மழை பெஞ்சா? அந்தம்மாவுக்கு எம்பத்தோரு வயசு, கை நடுங்கிக் காப்பியைக் கொட்டிட்டா? எனக்குத் தெரிஞ்ச தொழிலு ஒண்ணுதான். ஒரு பேப்பரு மேல பிரியம் இருந்தா அதை என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். ஊரே எங்கிட்டத்தான் கொண்டாந்து கொடுக்குது. மிஷினு சூடாத்தான் இருந்துச்சு. இருக்குறதுலயே தடிச்ச பிளாஸ்டிக் பவுச்சா எடுத்தேன், விலை கூடினது, பத்திரத்துக்குப் போடுறது.

ஓரம் வேற ஒரு பக்கம் கோணலா இருந்துச்சு. கட்டர்ல வெச்சு ஒரு நூலு தட்டி விட்டேன். ஒரே நூலுதான். பாக்க நேரா இருக்கணும்ல. அது கோணல் இல்ல, அந்தக் காஷியரு கத்திரிக்கோலு போன தடம், அதுக்குத்தான் மவுசேன்னு அப்புறம் சொல்றாங்க. எனக்கு எப்படித் தெரியும்? ம்... காஷியரு வெட்டினதுன்னு தெரியும். நானே இப்பத்தான சொன்னேன். ஆனா அந்த நேரத்துல ஞாபகம் வருமா?

அவரு குளிச்சிட்டு வந்தாரு. அதுக்குள்ள மிஷினு இழுத்துருச்சு. அவ்வளவுதான் நடந்தது.

அவரு கத்துவாருன்னு நினைச்சேன். அடிச்சாலும் அடிக்கட்டும்னு நின்னேன், இத்தனை வருசத்துல கை நீட்டினதில்ல, அன்னைக்கு நீட்டியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேன். அவரு ஜெராக்ஸ் எடுக்க வர்றவங்க உக்கார்ற பெஞ்சுல உக்காந்துட்டாரு. தலையில இருந்து தண்ணி சொட்டுது. மிஷின்ல இருந்து வந்ததைக் கையில வாங்கினாரு, சூடு பொறுக்காது, அவரு பிடிச்சிக்கிட்டே இருந்தாரு. நகத்தால தடவினாரு. வழுவழுன்னு வழுக்கிட்டுப் போகுது. திரும்பத் திரும்பத் தடவினாரு. அப்புறம் என்னைப் பாத்து, "நல்லதுக்குத்தான நினைச்ச. தெரியாமத்தான செஞ்ச, விடு"ன்னாரு. எந்திரிச்சுப் போயி சட்டை போட்டாரு. இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு தாயி. நாலு இட்லி சாப்பிட்டாரு.

அன்னைக்கே மகளுக்குப் போனு. ரூத்தம்மாவுக்கு எழுதச் சொன்னாரு. என்னன்னு? "பத்திரமா அனுப்பணும்னு நினைச்சு நான் புத்தி கெட்டுப்போய் பிளாஸ்டிக் ஒட்டிட்டேன், மன்னிச்சிருங்க"ன்னு. நான்தான்னு. டீக்கடையிலயும் அப்படியே சொல்லிட்டாரு. பிரஸ்ஸு ஆளுக கேலி பண்றானுக, "என்ன அண்ணாச்சி, முப்பது வருசம் மையும் பேப்பரும் பாத்தவரு, கடைசியில இப்படியா?"ன்னு. இவரும் கூடச் சேந்து சிரிக்கிறாரு. வயசாகிப்போச்சுல்லடாங்குறாரு. ஊருல ஒருத்தருக்கும் நான் செஞ்சேன்னு தெரியாது. அந்தம்மாவும் பெரிய மனசோட பதில் போட்டாங்க. பரவாயில்ல, கண்ணால பாத்தாப் போதும், தங்கச்சி மகன் வருவான்னு.

மூணு ஞாயித்துக்கெழமையா டின்னைத் தொறக்கல. சாப்பிட்டதும் கடைக்கு வந்து, நான் ஏதாவது வெட்டித் தரட்டுமான்னு கேக்குறாரு. காத்தாடியைப் போட்டு விடுறாரு, எனக்கு வேர்க்குதாம்.

என்னால தாங்க முடியல. அதான் இன்னைக்கு நிசத்தை யாருக்கும் சொல்லாம, டின்ல இருந்து அதை எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன். மகளைப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். மதுரையில சிம்மக்கல்லுக்கிட்ட வேதமாணிக்கம்னு ஒரு சாரு, பழைய ஏடு, பத்திரம், கோயில் ஓலை எல்லாம் சரி பண்றவரு. பூச்சி தின்ன பேப்பரைக்கூட ஒட்டிக் கொடுத்திருவாராம். அவருதான் கடைசின்னு போனேன். இதுக்கு முன்னால சிவகாசியிலயே ரெண்டு பேரை ஜாடையாக் கேட்டாச்சு, சூடு காட்டிப் பிரிக்கலாமான்னு. என் கடையிலயே பழைய பேப்பரு ஒண்ணை லாமினேஷன் போட்டு, பிரிச்சுப் பாத்தேன். பேப்பரு ரெண்டா உரிஞ்சுச்சு. அப்படியே குப்பையில போட்டேன்.

வேதமாணிக்கம் சாரு லென்சை வெச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. விளக்குக்கு மேல தூக்கிப் பாத்தாரு. பிசினு பேப்பருக்குள்ள எறங்கிருச்சும்மா, பிரிச்சா மை பிளாஸ்டிக்கோடதான் வரும், தொடாமலே வெச்சிருங்கன்னாரு. மருந்து எதுவும் இல்லையா சார்னேன். இருக்கு, ஆனா அது முதல்ல கையெழுத்தைத்தான் கரைக்கும்னாரு. நான் அழுதுட்டேன். அவரு தண்ணி கொடுத்தாரு. யாரும்மா இதைச் செஞ்சதுன்னு கேட்டாரு. ஒரு கடையில சார், அந்தக் கடைக்காரி தெரியாமப் போட்டுட்டான்னேன். "படிச்சுப் படிச்சுச் சொல்றோம், பழைய பேப்பருக்கு பிளாஸ்டிக்கும் சூடும் எமன்னு. இதைச் செஞ்சவ கையை ஒடிக்கணும்"னாரு. ஆமா சார், ஒடிக்கணும்னேன்.

எங்க வீட்டுக்காரரும் சொல்லுவாருதான். ஈரம் ஆகாது, வேர்வை ஆகாது, பிளாஸ்டிக் பக்கமே போகக்கூடாதுன்னு. முப்பத்திரண்டு வருசமா ஒருத்தரு ஒரே பாட்டைப் பாடினா அது காதுல ஏறுமா? நீ சொல்லு. உன் வீட்டுக்காரரு சொல்றது எல்லாம் உனக்குக் காதுல ஏறுதா?

ஆமத்தூர் வந்துருச்சே. இன்னும் கொஞ்ச நேரத்துல நீ எறங்கிருவ.

நீ எறங்கிருவ, அதான் சொல்றேன். இதை வேற யாருகிட்டயும் சொல்லல, எங்க மககிட்டயும் சொல்லல. வேதமாணிக்கம் சாருகிட்ட வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். என் பேரு சொன்னேன்ல, அதை மறந்திரு.

மிஷின்ல ஒரு பட்டன் இருக்கு. ரிவர்ஸுன்னு. பேப்பரு கோணலாப் போச்சுன்னா அமுக்குவோம், உள்ள போனது அப்படியே திரும்பி வந்துரும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அமுக்குவேன். கண்ணை மூடிக்கிட்டு அமுக்குவேன். எங்க மிஷினு பழசு, மெதுவாத்தான் இழுக்கும். முழுசும் போக அரை நிமிசம் ஆகும்.

தலைப்பக்கமா விட்டேனா, ஊரு பேரு உள்ள போயிருந்துச்சு. அடிப்பக்கம் கையெழுத்து இன்னும் வெளியதான் இருந்துச்சு. ரெண்டு வெரல் அகலம் வெளிய இருந்துச்சு தாயி. அவரு துண்டோட வாசப்படியில வந்து நின்னாரு. பாத்தாரு. என் கை பட்டன் மேலதான் இருக்கு. அவரு மூஞ்சியைப் பாத்ததுமே எனக்குத் தப்புன்னு புரிஞ்சுபோச்சு, கை தானாப் போயிருச்சு. அமுக்கப் போறேன். அப்பப் பாத்து அவரு கத்தினாரு. "ஐயோ, என் ராசாத்தி!"ன்னு.

நோட்டைப் பாத்து.

என்னை அவரு கூப்பிடுறது "இந்தா". கல்யாணத்தன்னைக்கு இருந்து "இந்தா"தான். ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போகும்போதும் "இந்தா, பயப்படாத"ன்னுதான் சொன்னாரு. எனக்கு அது குறையாவே தெரிஞ்சதில்ல. நம்ம பக்கம் எந்த ஆம்பளை கொஞ்சுறான்? அவருக்கு அந்த மாதிரி வார்த்தை எல்லாம் வராதுன்னு நினைச்சிருந்தேன். வாயில வராத மனுசன், நல்ல மனுசன்னு இருந்தேன். வருது தாயி. அவருக்கு வருது. அவ்வளவு அழகா வருது.

என் கை அப்படியே நின்னு போச்சு. பட்டன் மேல இருக்கு, அமுக்கல. மிஷினு இழுக்குது, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். கையெழுத்து கொஞ்சங்கொஞ்சமா உள்ள போகுது. நின்னு முழுசும் பாத்தேன்.

அவரு அதைப் பாக்கல. அவரு நோட்டைத்தான் பாத்தாரு, என் கையைப் பாக்கல. அதான் தெரியாமச் செஞ்சேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. நாளைக்குக் காலையில அந்த அமெரிக்காப் பையன் வர்றான். இவரு புதுச்சட்டை எடுத்துத் தேய்ச்சு மாட்டி வெச்சிருக்காரு. வாசல்ல நின்னு "நான்தான் தம்பி, என் புத்திதான் கெட்டுப்போச்சு"ன்னு தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொல்லப் போறாரு, மககிட்டக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்காரு. நான் பின்னால காப்பித் தட்டோட நிக்கணும்.

என்ன? சொல்லிருங்கங்குறியா?

சொல்லலாம். இன்னைக்கே போயி சொல்லலாம். நான் வேணும்னுதான் விட்டேன், என் கை பட்டன் மேல இருந்துச்சு, அமுக்கலன்னு. சொன்னா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தரையைப் பாப்பாரு. அப்புறம், "சரி, விடு. நான் உன்னை அப்படி வெச்சிருந்திருக்கேன் போல"ம்பாரு. அதையும் மன்னிச்சிருவாரு அந்த மனுசன். மன்னிச்சிட்டு, "இந்தா, சோறு போடு"ம்பாரு. அதை நான் எப்படித் தாங்குவேன்?

திருத்தங்கல் வந்துருச்சு. கூட்டம் எறங்கட்டும், அவசரப்படாத. படியில பாத்துக் காலை வை தாயி.